நூறு மடங்கு அனுபிஸும் எட்டாவது காம்போவும்

போனில் பஸில் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறவர்களிடம் அனுபிஸ் என்ற கார்டின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். அடுத்து வரும் வார்த்தை நூறாகத்தான் இருக்கும். நூறு மடங்கு அடி, ஒரே சுற்றில் பாஸ் என்கிற பெரிய எதிரி காலி. என் நண்பன் ஒருவனுக்கு எக் மெஷினில், அதாவது ஆட்டத்துக்குள் குலுக்கல் முறையில் கார்டு தரும் இயந்திரத்தில், இந்தக் கார்டு விழுந்த ராத்திரி, ஸ்க்ரீன்ஷாட்டோடு வந்த செய்தியும் அதுதான். "மச்சான், அனுபிஸ்டா! நூறு மடங்கு! இனிமே எவன் நிப்பான்?" பின்னாலேயே ஒரு கேள்வி: "இவனை வளக்கலாமா, இல்ல ஹோரஸையே வச்சு ஓட்டலாமா?"

வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்ய ஆரம்பித்து, நீண்டுகொண்டே போனதால் இங்கே எழுதுகிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு முதலில் கொஞ்சம். கங்ஹோ நிறுவனம் 2012 பிப்ரவரி 20 அன்று ஜப்பானில் ஐபோனுக்கு வெளியிட்ட ஆட்டம் இது. ஆண்ட்ராய்டுக்கும் வெளிநாடுகளுக்கும் அந்த வருடத்துக்குள்ளேயே வந்துவிட்டது. திரையின் கீழ்ப்பாதியில் குறுக்கே 6, நெடுக்கே 5 என்று 30 உருண்டைகள். நெருப்பு, நீர், மரம், ஒளி, இருள் என ஐந்து நிறம். ஆறாவதாக உயிர் ஏற்றும் இதயம். மூன்று சேர்த்தால் உடைகிற மற்ற ஆட்டங்களில் பக்கத்து இரண்டை மட்டும்தான் இடம் மாற்றலாம். இதில் ஒரு உருண்டையைப் பிடித்தால் விரலை எடுக்காமல் போர்டு முழுக்க இழுக்கலாம். போகிற வழியில் எல்லாம் இடம் மாறிக்கொண்டே வரும். அதற்கு அசல் ஆட்டத்தில் கிடைத்த நேரம் நான்கு வினாடி. விரலை எடுத்ததும் மூன்று மூன்றாகச் சேர்ந்தவை உடையும். உடைகிற ஒவ்வொரு கூட்டமும் ஒரு காம்போ. முதல் காம்போவுக்குப் பிறகு வரும் ஒவ்வொன்றும் மொத்த அடியில் 25 விழுக்காட்டைக் கூட்டும். மேல்பாதியில் நம் கார்டுகள் சேர்ந்த டீம் எதிரியை அடிக்கும். பிறகு எதிரி நம்மை அடிப்பான்.

டீமின் தலைவனுக்கு லீடர் ஸ்கில் என்று ஒன்று உண்டு. நண்பர் ஒருவரின் தலைவனையும் கடன் வாங்கிச் சேர்த்துக்கொள்வதால் இரண்டு லீடர் ஸ்கில் ஒரே நேரத்தில் வேலை செய்யும், ஒன்றை ஒன்று பெருக்கும். அனுபிஸின் நூறு இப்படி வந்ததுதான். எட்டு காம்போ அடித்தால் டீமின் தாக்குதல் 4 மடங்கு. அதற்கு மேல் படியேறி, பத்து காம்போவில் 10 மடங்கு. இருபக்கமும் அனுபிஸ் என்றால் பத்தைப் பத்தால் பெருக்க வேண்டியதுதான். எட்டுக்குக் கீழே போனால் ஒன்றும் கிடையாது. டீமின் உயிரளவான ஹெச்பி உயராது, இதயத்தில் ஏறும் உயிரும் அதிகரிக்காது, அடி வெறும் ஒரு மடங்கு. பிற்பாடு வந்த உருமாற்றங்களில் இந்த எண்களெல்லாம் மாறிவிட்டன. நான் பேசுவது பழைய, அசல் அனுபிஸைப் பற்றி. ஆபத்தான தலைவன் என்றால் என்ன என்பதை அவ்வளவு சுத்தமாகக் காட்டிய கார்டு அந்த ஆட்டத்தில் வேறு இல்லை என்பது என் எண்ணம்.

இப்போது ஒரு போர்டை எடுத்துக்கொள்வோம். நெருப்பு 7, நீர் 5, மரம் 4, ஒளி 6, இருள் 5, இதயம் 3. கூட்டினால் 30. அடிக்கடி வரும் மாதிரியான சாதாரண போர்டுதான். ஒவ்வொன்றையும் மூன்றால் வகுத்தால் நெருப்பில் 2 காம்போ, நீரில் 1, மரத்தில் 1, ஒளியில் 2, இருளில் 1, இதயத்தில் 1. மொத்தம் எட்டு, மிச்சம் ஆறு உருண்டை, அவற்றால் ஒரு பயனும் இல்லை. மேலிருந்து அதிர்ஷ்டத்தில் எதுவும் விழுந்து சேராவிட்டால், உலகத்திலேயே கெட்டிக்காரன் வந்து ஆடினாலும் இந்த போர்டில் எட்டுதான். ஒன்பதும் இல்லை, பத்தும் இல்லை.

அந்த எட்டும் சும்மா வராது. நெருப்புக் கூட்டம் இரண்டையும் தள்ளித்தள்ளி வைக்க வேண்டும். ஒட்டிக்கொண்டால் இரண்டும் சேர்ந்து ஒரே காம்போவாகிவிடும். ஒளிக்கும் அதே கதை. ஏழு கூட்டம் ஒழுங்காக அமைந்து, கடைசி இதயத்தை வலது ஓரத்துக்கு இறக்கும்போது விரல் நேராகக் கீழே போகாமல் கொஞ்சம் சாய்ந்து மூலைவாட்டாகப் போய்விட்டது என்று வையுங்கள். இந்த ஆட்டத்தில் மூலைவாட்டு நகர்வும் செல்லும் என்பதால் உருண்டை தப்பான கட்டத்தில் போய் உட்கார்ந்துவிடும். நேரமும் முடிந்தது. ஏழு காம்போ.

எட்டுக்கும் ஏழுக்கும் வித்தியாசம் எவ்வளவு? எட்டு காம்போவில் காம்போ கூடுதல் 2.75 மடங்கு, இரண்டு அனுபிஸும் சேர்ந்து 16 மடங்கு, பெருக்கினால் 44. ஏழு காம்போவில் கூடுதல் 2.5, அனுபிஸ் ஒன்று, மொத்தம் 2.5 அவ்வளவுதான். ரம்மி சேராமல் மற்ற செட்டெல்லாம் அழகாகச் சேர்த்து வைத்திருப்பவன், எதிராளி டிக்ளேர் பண்ணியதும் ஃபுல் கவுண்ட் கொடுப்பான் இல்லையா, அதே நிலைமைதான். ஏழு கூட்டம் சேர்த்த உழைப்புக்கு மதிப்பே கிடையாது.

சரி, எல்லா போர்டும் எட்டோடு நின்றுவிடுமா? இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம், பெரிய கணிதமெல்லாம் வேண்டியதில்லை. ஒவ்வொரு நிறத்தின் எண்ணிக்கையையும் மூன்றால் வகுத்தால் மீதி 0, 1, 2 இவற்றில் ஒன்று. மூன்றுக்கும் ஏறத்தாழ சம வாய்ப்பு. முப்பது மூன்றால் முழுதாக வகுபடும் என்பதால் ஆறு மீதிகளின் கூட்டுத்தொகையும் மூன்றின் மடங்காகத்தான் இருக்க முடியும். அப்படிப்பட்ட சேர்க்கைகள் மொத்தம் 243. அதில் ஒன்றே ஒன்றில்தான் எல்லா மீதியும் பூஜ்யம், அதாவது பத்து காம்போ. ஐம்பதில் ஒன்பது காம்போ வரை முடியும். 141இல் எட்டு. இன்னொரு ஐம்பதில் ஏழுதான் உச்சம். மிச்சமிருக்கும் ஒன்றில் ஆறு.

நண்பனின் நூறு மடங்கு எங்கே போனது பாருங்கள். போர்டிலேயே பத்து காம்போ இருப்பது 243 தடவையில் ஒரு தடவை. இணையத்தில் பார்க்கும் பத்து காம்போ வீடியோக்களில் பெரும்பாலானவை ஒன்று ஸ்கைஃபால், அதாவது உடைந்த இடத்துக்கு மேலிருந்து விழுபவை தானாகச் சேர்ந்துகொண்ட அதிர்ஷ்டம். அல்லது கார்டுகளுக்கு உள்ள ஸ்கில் என்ற தனித்திறனைப் போட்டு போர்டையே மாற்றி வைத்துக்கொண்டு அடித்தது. ஏழு காம்போ அடித்துச் செத்தவன் வீடியோ போடுவதில்லை.

ஆகவே அனுபிஸை நூறு மடங்குக் கார்டாக மதிப்பிடக் கூடாது. அது பதினாறு மடங்குக் கார்டு. எப்போதாவது ஒரு நாள் தீபாவளி.

இதே கணக்கில் இன்னொன்றும் தெரிகிறது, அதுதான் எனக்கு அதிக சுவாரசியம். எட்டு அல்லது அதற்கு மேல் வாய்ப்புள்ள போர்டு எத்தனை? 243இல் 192. நூற்றுக்கு 79. ஐந்தில் நாலு தடவை போர்டு அனுபிஸுக்கு "சரி, அடிச்சுக்கோ" என்று சொல்லிவிடுகிறது. இதை அதே எகிப்தியக் கடவுள் வரிசையில் இருக்கும் ரா என்ற கார்டோடு வைத்துப் பார்க்க வேண்டும். ராவுக்கு ஐந்து நிறமும் ஒரே சுற்றில் உடைய வேண்டும். ஒரு நிறத்தில் மூன்றுகூட இல்லாமல் போகும் வாய்ப்பு சுமார் 10 விழுக்காடு. ஐந்து நிறத்துக்கும் சேர்த்துப் பார்த்தால் பாதிக்குச் சற்று மேல்தான், ஏறத்தாழ 54 விழுக்காட்டு போர்டில்தான் ராவுக்கு வேண்டியது இருக்கும். அதே வரிசையில் நெருப்புக்காரன் ஹோரஸ். அவனுக்கு ஏதாவது நாலு நிறம் போதும், கிடைப்பது 4 மடங்கு. நூறில் 94 போர்டு ஹோரஸுக்கு ஒத்துழைக்கும்.

ரா ஆடுபவர்கள் போர்டைத் திட்டுவார்கள். "ஒரு பச்சைகூட தரல பாருங்க" என்று அங்கலாய்ப்பார்கள், அது நியாயம்தான். பச்சை இல்லாத போர்டில் விரல் எவ்வளவு வேகமாக ஓடி என்ன ஆகப்போகிறது? ஆனால் ரா ஆடுபவனுக்குக் கை ரொம்பத் தேர்ந்திருக்க வேண்டியதில்லை. ஐந்து கூட்டம் நாலு வினாடியில் சேர்ப்பது பழகியவனுக்குப் பெரிய விஷயமில்லை. அனுபிஸ் அதற்கு நேர் எதிர். போர்டு பெரும்பாலும் சரியென்றுதான் சொல்லும், கைதான் இடறும். ஆபத்தான கார்டு என்று இரண்டையும் ஒரே பெட்டியில் போடுகிறார்கள், அதில் எனக்கு உடன்பாடில்லை. ராவின் ஆபத்து வெளியிலிருந்து வருவது. அதைக் குறைக்க நிறம் உண்டாக்கும் ஸ்கில் உள்ள கார்டுகளை டீமில் சேர்க்க வேண்டும், அதாவது இன்னும் கார்டு வேண்டும். அனுபிஸின் ஆபத்தில் பெரும்பங்கு ஆடுகிறவனின் விரலில் இருக்கிறது, அதைப் பழகிக் குறைத்துக்கொள்ளலாம். காசு கம்மி, நேரம் நிறைய என்றிருக்கும் ஆளுக்கு இரண்டில் எது தோதான கார்டு என்பது வேறு மாதிரித் தெரிய ஆரம்பிக்கும்.

விரல் எவ்வளவு தேர்ந்திருக்க வேண்டும்? ஒவ்வொரு கூட்டத்தையும் நூற்றுக்கு 95 தடவை சரியாக அமைக்கிற ஆள் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். 95 என்றால் நல்ல ஆட்டக்காரர். எட்டுதான் உச்சம் என்ற போர்டில் எட்டையும் தவறவிடாமல் அமைக்க அவருக்கு இருக்கும் வாய்ப்பு 66 விழுக்காடு. ஒன்பது உள்ள போர்டில் ஒன்றை விட்டாலும் பரவாயில்லை என்பதால் 93. ஏழு போர்டில் ஒன்றும் செய்வதற்கில்லை. எல்லாம் சேர்த்தால் ஒரு சுற்றில் அனுபிஸ் வேலை செய்யும் வாய்ப்பு 58 விழுக்காடு. ஸ்கைஃபால் இதைக் கொஞ்சம் தூக்கும், ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடுவது எனக்குப் பிடிக்காது.

58 என்றால் மோசமில்லையே என்று தோன்றும். ஆனால் டன்ஜன், அதாவது மாடி மாடியாக எதிரிகளைத் தாண்டிப் போகும் கட்டம், ஒரே சுற்றில் முடிவதல்ல. அடித்தே ஆக வேண்டும், இல்லையென்றால் அடுத்த சுற்றில் எதிரி நம்மைச் சாய்த்துவிடுவான் என்ற நெருக்கடி ஒரு டன்ஜனில் ஐந்து இடத்தில் வருகிறது என்று வைத்தால், ஐந்திலும் தப்பிக்கும் வாய்ப்பு 15இல் ஒன்று. ஹோரஸோடு போகிறவனுக்கு மடங்கு 16தான், ஆனால் அந்த ஐந்து இடத்திலும் அவன் அநேகமாக நிற்பான்.

தோற்றால் என்ன போகும் என்பதையும் பார்க்க வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். டன்ஜனுக்குள் நுழையும்போதே அதற்கான கட்டணம் மாதிரியான ஸ்டாமினா கழிந்துவிட்டது. உள்ளே கிடைத்த முட்டைகள், பணம் எல்லாம் வெளியே வந்தால்தான் நம்முடையவை. கடைசி மாடியில் செத்தால் இரண்டே வழி: ஆட்டத்தின் மதிப்புமிக்க நாணயமான மேஜிக் ஸ்டோன் ஒன்றைக் கொடுத்து எழுந்து தொடரலாம், இல்லையென்றால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியே வரலாம். ஐந்து ஸ்டோன் சேர்ந்தால் எக் மெஷினில் ஒரு தடவை இழுக்கலாம். கடைசி மாடியில் அந்தத் திரை வந்து நிற்கும்போது, இத்தனை தூரம் வந்தாயிற்றே, ஒன்றுதானே என்று கை தானாகப் போகும். அனுபிஸ் ஆடுகிறவனுக்கு இந்தத் திரை அடிக்கடி வரும். கார்டு இலவசமாகக் கிடைத்ததாகவே இருக்கட்டும், அதை ஆடும் செலவு இலவசமில்லை.

இதனால்தான் எந்த டன்ஜன் என்று கேட்காமல் இந்தக் கார்டை நல்லது கெட்டது என்று சொல்லவே முடியாது. ஏழெட்டு மாடி, ஒவ்வொன்றிலும் எதிரி இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறைதான் அடிப்பான், அதுவும் தாங்கக்கூடிய அடி என்றால் அனுபிஸ் சொகுசு. முதல் போர்டு ஏழு என்று தெரிந்தால் அவசரப்படாமல் இதயத்தை மட்டும் உடைத்துவிட்டு, நிறங்களைக் கொஞ்சம் கலைத்துவிட்டு அடுத்த போர்டுக்குக் காத்திருக்கலாம். நல்ல அனுபிஸ் ஆட்டக்காரரை அடையாளம் காண அதுதான் வழி. விரலை வைப்பதற்கு முன்னால் எண்ணுவார். நெருப்பு ஏழு, ரெண்டு. நீர் அஞ்சு, ஒண்ணு என்று உதடு அசையும். உருண்டையைத் தொடாதவரை அந்த நாலு வினாடி ஓட ஆரம்பிக்காது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் போர்டைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பஸ்ஸில் நின்றுகொண்டு ஆடுகிறவர்களுக்கு இந்தக் கார்டு ஒத்துவராது என்று நான் சொல்வதும் இதனால்தான். ஹோரஸை ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டே ஓட்டிவிடலாம்.

நேரத்தை நீட்டும் வழிகள் இருக்கின்றன. நேரம் கூட்டும் அவேக்கனிங் என்ற கூடுதல் திறன் உள்ள கார்டுகள் ஒவ்வொன்றும் அரை வினாடி தரும். நான்கு அப்படிச் சேர்த்தால் நான்கு வினாடி ஆறாகிவிடும், அது பெரிய வித்தியாசம். பத்து வினாடிக்கு உருண்டைகளை எடுத்து எடுத்து இஷ்டம்போல வைக்கவிடும் ஸ்கில்லும் உண்டு. பாஸுக்கு முன்னால் அதைத் தயாராக வைத்துக்கொண்டால், அந்த ஒரு சுற்றில் விரல் தவறு என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்போது அனுபிஸ் ஆபத்தான கார்டே அல்ல.

நிறங்களைக் குறைக்கும் ஸ்கில்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஆறு வகையை மூன்று வகையாக்கிவிட்டால் மீதியாகத் தங்கும் உருண்டைகள் பாதியாகிவிடும். சராசரி எட்டிலிருந்து ஒன்பதாக உயரும். கணக்கு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் மூன்றே நிறம் உள்ள போர்டில் எங்கு பார்த்தாலும் அதே நிறம், கூட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பெரிய கூட்டமாகிவிடும். பிரித்து வைக்கத் தெரியாதவருக்கு ஒன்பது வாய்ப்புள்ள போர்டில் ஐந்துகூடத் தேறாது. இரண்டு நிறம் என்றால் இன்னும் மோசம். கையால் ஆடுகிறவருக்குத் தோதானது நாலைந்து நிறம் உள்ள போர்டு என்பது என் கட்சி. எதிரி நஞ்சு உருண்டையோ ஜாமர் என்ற இடைஞ்சல் உருண்டையோ போட்டால் இதற்கு நேர்மாறாக நடக்கும். ஏழாவது வகை ஒன்று சேர்ந்து மீதி கூடும், எட்டு கிடைக்கும் வாய்ப்பு குறையும்.

பிறகு அனுபிஸுக்கென்றே படைத்த மாதிரி சில எதிரிகள். குறிப்பிட்ட அளவுக்கு மேல் அடி விழுந்தால் அதைத் தன் ஹெச்பியாக உறிஞ்சிக்கொள்ளும் எதிரியிடம், தப்பித்தவறி பத்து காம்போ விழுந்தால் அவனுக்குத்தான் கொண்டாட்டம். ஸ்கைஃபாலை யாரும் கட்டுப்படுத்த முடியாது. வேண்டும் என்கிறபோது வராது, வேண்டாம் என்கிறபோது மடமடவென்று கொட்டும். தலைவனைக் கட்டிப்போடும் எதிரி வந்தாலும் கதை முடிந்தது. லீடர் ஸ்கில் போய்விட்டால் டீமில் பாக்கி இருப்பது வெறும் சாதாரணக் கார்டுகள்.

காலம் வேறு ஓடிவிட்டது. பின்னால் வந்த தலைவர்கள் அடியையும் ஹெச்பியையும் சேர்த்தே உயர்த்தினார்கள், வாங்கும் அடியைக் குறைத்தார்கள். போர்டையே குறுக்கே 7, நெடுக்கே 6 என்று பெரிதாக்குகிறவர்களும் வந்தார்கள். 42 உருண்டை என்றால் உச்சம் 14 காம்போ, எட்டு என்பது கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிற எண். நூறு மடங்கு என்று வாய்பிளந்த காலம் முடிந்து, ஒரு கார்டின் அடி 2,147,483,647 என்ற கணினி உச்சவரம்பில் போய் முட்டுகிற காலமும் வந்தது. ஆனாலும் அசல் அனுபிஸை வைத்து ஆடிப் பழகியவர்கள் எந்தத் தலைவனைக் கொடுத்தாலும் நன்றாக ஆடுகிறார்கள் என்பதைக் கவனித்திருக்கிறேன். எண்ணிவிட்டுத் தொடும் பழக்கம் அவர்களை விட்டுப் போவதில்லை.

நண்பனின் கேள்விக்கு வருகிறேன். வளர்க்கலாம்டா. ஆனால் இருபக்கமும் அனுபிஸ் வைத்து ஓடாதே. உன் பக்கம் அனுபிஸ், நண்பர் பக்கம் ஹோரஸ் என்று எடு. நாலு நிறம் உடைத்தாலே ஹோரஸின் 4 மடங்கு வந்துவிடும், எட்டு தவறினாலும் அடி ஒன்றாகச் சுருங்காது. எட்டு விழுந்தால் 16, இரண்டு அனுபிஸோடு போனால் கிடைப்பதும் அதே 16தான். நீ இழப்பது எட்டுக்கு மேல் போகும்போது வரும் கூடுதலை மட்டும், பத்து காம்போவில் நூறு நாற்பதாகும். எப்போதாவது வருவதற்காக மிச்சத் தடவையெல்லாம் உயிரைப் பணயம் வைப்பானேன்? டீமில் ஐந்து நிறமும் இருக்கிற மாதிரி பார்த்துக்கொள், இல்லையென்றால் ஹோரஸ் வேலைக்கு ஆகாது. நேரம் கூட்டும் கார்டு எத்தனை வைத்திருக்கிறாய் என்று அடுத்த ஸ்க்ரீன்ஷாட்டில் அனுப்பு. இரண்டுக்குக் குறைவாக இருந்தால், முதலில் அதை வளர்த்துவிட்டு அனுபிஸுக்கு வா.